ஐந்தருவிக்குப் பாப்பா வருகிறாள்! பையில் என்ன இருக்கிறது?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் போதும். மேற்கே மலைமீது மேகம் இறங்கும். தென்காசிக் காற்று ஜில்லென்று வீசும். பொடிப்பொடியாகச் சாரல் விழும். "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவும்.

உடனே குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு விடுவார்கள். பாட்டி வருவாள். மாமா வருவார். கைக்குழந்தையும் வரும். அதை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

பேரருவியில் கூட்டம் நெரிகிறது என்றால், அடுத்த வண்டி ஐந்தருவிக்கு. சுமார் 5 கிலோமீட்டர் தூரம். மலையில் ஒரே ஓடையாக வரும் தண்ணீர், பாறையில் மோதி ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. அதனால்தான் அந்தப் பெயர். பெண்கள் குளிப்பதற்குத் தனி இடம் உண்டு. பக்கத்திலேயே சாஸ்தா கோவில்.

வந்து இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. குழந்தை "வீல்" என்று அலறும்.

துணி நனைந்திருக்கும். அம்மா அவசரமாகப் பையைத் திறப்பாள். முறுக்குப் பொட்டலம் இருக்கும். அல்வா இருக்கும். அப்பாவுக்கு இரண்டு துண்டு இருக்கும். மாமாவின் எட்டு முழ வேட்டி இருக்கும். குழந்தைக்கு? ஒரே ஒரு மாற்றுத் துணி. அதுவும் பையின் அடியில், ஈரத் துண்டோடு ஒட்டிக்கொண்டு நனைந்து கிடக்கும்!

சீசன் நாளில் இது ஐந்தருவியில் அன்றாடக் காட்சி.

பெரியவர்களின் பையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஒன்று மறந்தால் கடையில் வாங்கிக் கொள்ளலாம். குழந்தையின் பை அப்படி அல்ல. அதைக் கட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. அதிலும் அருவிக்குப் போகும் பை என்றால் தனி முறை.

ஈரம்தான் எதிரி

கல்யாண வீட்டுக்குப் போனால் குழந்தையின் துணி எப்போதாவதுதான் நனையும். ஐந்தருவியில் எல்லாமே நனையும். மேலே சாரல். எதிரே அருவியின் தூறல். தூக்க வருகிறவர்கள் எல்லோரும் குளித்துவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்கள்.

பெரியவர்களுக்கு அது சுகம். குழந்தைக்கு அது ஆபத்து.

ஏன் தெரியுமா? குழந்தையின் உடம்பு சிறியது. ஆனால் அதன் எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே உடம்பின் சூடு சீக்கிரம் வெளியேறி விடும். ஈரம் பட்டு, காற்றும் அடித்தால் இன்னும் சீக்கிரம். நமக்குக் குளிர்ந்தால் பல் கிடுகிடுக்கும். போர்வை எடுத்துக் கொள்வோம். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு நடுங்கக் கூடச் சரியாகத் தெரியாது. கையும் காலும் சில்லிட்டு, வயிறும் குளிர்ந்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், "நன்றாகத் தூங்குகிறாள்" என்று நினைத்து விடக் கூடாது.

அப்போது என்ன செய்வது? ஈரத் துணி முழுவதையும் கழற்ற வேண்டும். நன்றாகத் துடைக்க வேண்டும். தலைக்குக் குல்லாய் போட வேண்டும். பிறகு தாய் தன் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட வேண்டும். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய கருவிகள் இல்லாத ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இந்த முறையைக் கையாண்டார்கள். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் சுமப்பதுபோல் இருப்பதால் "கங்காரு முறை" என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் அதைச் செய்கிறார்கள். இதற்குக் கருவி வேண்டாம். காய்ந்த துணி மட்டும் போதும். பிறகும் குழந்தை சுறுசுறுப்பு அடையவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

ஆகவே ஐந்தருவிக்குப் போகும் பையில் முதல் இடம் பாலுக்கு அல்ல, பொம்மைக்கும் அல்ல. காய்ந்த துணிக்கு!

ஒரு மாற்று, ஒரு கட்டு

தமிழ்நாட்டில் பல வீடுகளில் குழந்தைக்கென்று முதலில் வந்த பை, அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த பைதான். 2015ஆம் ஆண்டு, அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 16 பொருள்கள். குழந்தைக்குத் துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை. தாய்க்குக் கை கழுவும் திரவமும், சோப்பும், சுண்டி லேகியமும். எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை.

வீட்டுக்கு அது நல்ல பட்டியல். அருவிக்கு அதில் பாதியை எடுத்துவிட வேண்டும். எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றும் முதலில் வெளியே! அருவியில் சோப்பும் ஷாம்பும் போடுவதை ஐகோர்ட்டே தடுத்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். எண்ணெய் பூசிய குழந்தையை, பாசி படிந்த ஈரப் பாறைமேல் நின்று தூக்குவதைவிட வேறு ஆபத்து வேண்டுமா?

எடுத்த இடத்தில் துணியை நிரப்புங்கள். காலை 8 மணிக்குத் தென்காசியில் புறப்பட்டு மாலை 5 மணிக்குத் திரும்புவதாக வைத்துக் கொள்வோம். 9 மணி நேரம். இரண்டு மணிக்கு ஒரு மாற்று என்றால் 5. சாரலுக்காக இன்னும் 2. ஆக 7 மாற்று. பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்த துணியே குழந்தைக்கு மெத்தென்று இருக்கும். பட்டு, ஜரிகை, நைலான் கவுன் எல்லாம் போட்டோவுக்குத்தான். நனைந்தால் குழந்தையைக் குத்தும்.

இனி, அடுக்கும் விதம். எல்லாச் சட்டையும் ஓர் இடம், எல்லாக் கீழ்த்துணியும் ஓர் இடம் என்று அடுக்காதீர்கள். ஒரு சட்டை, ஒரு கீழ்த்துணி, ஒரு குல்லாய், ஒரு சிறு துவாலை. நான்கையும் ஒன்றாகச் சுருட்டித் தனித்தனி உறையில் போடுங்கள். ஒரு மாற்று, ஒரு கட்டு! குழந்தை அழும்போது பையைக் கலைத்துத் தேட வேண்டாம். கைக்கு வந்த கட்டை எடுத்தால் போதும். பாட்டியிடம் "ஒரு கட்டு எடுங்கள், அத்தை" என்று சொன்னால் அவரும் எடுத்துக் கொடுத்து விடுவார். ஒரு கட்டு நனைந்தாலும் மற்ற ஆறும் காய்ந்தே இருக்கும்.

உறைக்குக் கடையை நம்பாதீர்கள். 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. வீட்டில் கிடக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். மஞ்சள் பை காய்கறி வாங்க மிக நல்லது. ஆனால் சாரலில் அது தண்ணீரை உறிஞ்சும். வெளிப்பை ரெக்சினோ, மழைக்கோட்டுத் துணியோ ஆக இருக்கட்டும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பை மடித்து வையுங்கள். கோவில் திண்ணையோ, வேன் இருக்கையோ, எங்கே விரித்தாலும் அதுதான் குழந்தையின் கட்டில்.

காலியாக இரண்டு உறை தனியே இருக்கட்டும். எதற்கு என்று பிறகு தெரியும்.

துணியா, டயப்பரா?

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் மாமியாரும் மருமகளும் இரு கட்சி!

டயப்பர் ஒன்றும் அன்னிய நாட்டு மாயம் அல்ல. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், துணி மாற்றி மாற்றி அலுத்துப் போய், 1946ஆம் ஆண்டு குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, தண்ணீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். 1949ல் அது கடைக்கு வந்தது. 1951ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முழுக்க எறிந்துவிடும் டயப்பரைப் பற்றி அவர் சொன்னபோது கம்பெனிகள் காது கொடுக்கவில்லை. 1961ல் "பேம்பர்ஸ்" வந்தது. இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் எந்தக் கம்பெனி டயப்பரையும் கேட்கிறார்கள்.

வழியில் பஸ்ஸிலும் வேனிலும் டயப்பர் வசதிதான். மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் டயப்பரோடு குழந்தையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் பொடி, தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். அருவித் தண்ணீர் பட்டதும் டயப்பர் பலாப்பழம்போல் உப்பிவிடும். குழந்தைக்கு இடுப்பில் கல்லைக் கட்டியது மாதிரி! சில சமயம் பிய்ந்து, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வரும்.

ஆகவே வழிக்கு டயப்பர், அருவிக்கரையில் துணி. மாமியார் கட்சியும் ஜெயிக்கட்டும். மருமகள் கட்சியும் ஜெயிக்கட்டும்.

பாலும் வெந்நீரும்

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். பையில் இதற்கு இடமே தேவையில்லை. ஒரு பெரிய பருத்தித் துண்டு போதும். அதைத் தோளில் போட்டுக் கொண்டால் மறைவு. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறக்கப்பட்டன. பஸ் மாறும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

டாக்டர் சொல்லிப் பால்பவுடர் கொடுக்கிறவர்கள், வீட்டிலேயே கலக்கி எடுத்துப் போகக் கூடாது. பிளாஸ்க்கில் கொதிக்க வைத்த வெந்நீர். தனி டப்பாவில் அளந்த பவுடர். வேண்டும்போது கலக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்துக் கொடுத்துவிட வேண்டும். மீதியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாட்டிலைவிடப் பாலாடை நல்லது. பாட்டிலின் ரப்பர் காம்பில் அழுக்கு ஒளிந்து கொள்ளும். பாலாடையில் ஒளிய இடம் இல்லை. வெந்நீர் ஊற்றினால் சுத்தம். பாட்டி வீட்டுப் பாலாடையைப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

அதே வெந்நீர் இன்னொன்றுக்கும் உதவும். துணியை நனைத்துப் பிழிந்து, குழந்தையைத் துடைக்கலாம். அருவித் தண்ணீரால் துடைத்தால் குழந்தை ஊரைக் கூட்டிவிடும்.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு இட்லியே ராஜா. ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி பழகிய குழந்தைக்கு அதையே பிளாஸ்க் வெந்நீரில் கிளறிக் கொடுக்கலாம். புதுப் பண்டம் எதையும் பயணத்தில் பழக்காதீர்கள்.

அங்கேதான் சோதனை! குற்றாலம் கடைவீதியில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். ரம்புட்டான் சிவந்திருக்கும். மலைத்தேன் பாட்டில் மின்னும். "நாக்கில் ஒரு சொட்டு வையேன்" என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள். வேண்டாம்! ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் விதை இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதை விரட்டிவிடும். குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷம் கக்கும். உடம்பு தளர்ந்து, மூச்சுக்கே ஆபத்து வரும். சுத்தமான தேன், கலப்படத் தேன் என்ற வித்தியாசமே இதில் இல்லை. ரம்புட்டானும் அப்படித்தான். வழுக்கும் பழம், பெரிய கொட்டை. தொண்டையில் போய் அடைத்துக் கொள்ளும்.

வயிற்றுப் போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வையுங்கள். 1 லிட்டர் பாட்டிலும் ஒன்று வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்கு ஒரு முழுப் பொட்டலம். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவு போடக் கூடாது. 1971ஆம் ஆண்டு, வங்காள எல்லையில் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர் இறந்து கொண்டிருந்த இடத்தில், அதற்குப் பிறகு 4 பேர்கூட இறக்கவில்லை. அந்த மருந்துதான் இந்தச் சிறு பொட்டலத்தில் இருக்கிறது. ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

காய்ச்சல் மருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அடுத்த வீட்டுக் குழந்தையின் மருந்து நம் குழந்தைக்கு ஆகாது.

பையை விட்டுவிட்டு ஓடுங்கள்!

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாய் குனிந்து துணி மாற்றும் நேரம் பார்த்து வரும். பையின் வாய் திறந்திருந்தால் பழமோ, பிஸ்கட்டோ, பால் டப்பாவோ மரத்தின் மேல் போய்விடும். பிடுங்கப் போனால் கடிக்கும். ஜிப் வைத்த பை நல்லது. தின்பண்டத்தைக் குழந்தையின் பையிலேயே வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

ஆனால் குரங்கைவிடப் பெரிய திருடன் ஒருவன் இருக்கிறான். தண்ணீர்!

2024ஆம் ஆண்டு மே 17. பழைய குற்றாலம் அருவியில் ஆட்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். அது ஆனியும் அல்ல, ஆடியும் அல்ல. வைகாசி. மலையில் கோடை மழை கொட்டியது. திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வந்தாலும், குச்சியும் சருகும் மிதந்து வந்தாலும், போலீசார் விசில் ஊதினாலும் அந்த நொடியே வெளியேற வேண்டும். "பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று திரும்பும் அந்த அரை நிமிடம்தான் எமன்.

ஆகவே இதை மறக்க வேண்டாம். விட்டுவிட்டு ஓட முடியாத பொருள் எதுவும் குழந்தையின் பையில் இருக்கக் கூடாது. பணம், செல்போன், வீட்டுச் சாவி, குழந்தையின் கால் கொலுசு, தடுப்பூசி அட்டை. இவையெல்லாம் ஒரு சிறு உறையில், கரையில் இருக்கும் ஆளின் இடுப்பில் இருக்க வேண்டும். பைக்குள் துணியும் பாலாடையும் மட்டும் என்றால், போனால் போகட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

அவசரத்துக்கு 108. தென்காசியில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது.

யார் காவல்?

குழந்தையை அருவிக்குள் கொண்டு போகலாமா? வேண்டாம். உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் அடி பெரியவர்களின் முதுகையே பதம் பார்க்கிறது. பிஞ்சுத் தலை தாங்குமா? ஆசைக்கு, கை நனைத்து உச்சியில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். அருவி கோபித்துக் கொள்ளாது.

அப்படியானால் ஒருவர் எப்போதும் கரையில், காய்ந்த துணியோடு, குழந்தையோடும் பையோடும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார்? அங்கேதான் அநியாயம் நடக்கிறது. அப்பா இரண்டு தரம் குளிப்பார். மாமா மூன்று தரம் குளிப்பார். தம்பிமார்களைக் கணக்கிட முடியாது. அம்மாவோ திண்ணையில் உட்கார்ந்து துணி மாற்றிக் கொண்டே இருப்பாள். "நீயும் போய்விட்டு வாயேன்" என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்வார்கள். அதற்குள் பாப்பா பசியில் அழத் தொடங்கிவிடும்!

வண்டியில் ஏறும்போதே முறை வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை பால் குடித்துத் தூங்கும் முதல் நேரம் அம்மாவுடையது. அவள் முதலில் குளிக்கட்டும். அப்போது அப்பா இன்னும் நனையாமல் இருப்பார். அவர் மடியும் காய்ந்திருக்கும். அவர் குளித்துவிட்டு வந்த பிறகு முறை மாற்றினால் ஈர மடியில்தான் குழந்தை. பெண்கள் பக்கம் அப்பா வர முடியாது. ஆகவே எங்கே காத்திருப்பார் என்று இடம் குறித்துக்கொண்டு போக வேண்டும். அருவிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.

துணி மாற்ற அப்பாவுக்குத் தெரியாதா? அதற்குத்தான் ஒரு மாற்று, ஒரு கட்டு.

திரும்பும்போது

காலியாக வைத்த இரண்டு உறைக்கு இப்போதுதான் வேலை. ஒன்று, ஈரத் துணிக்கு. இன்னொன்று, பயன்படுத்திய டயப்பருக்கு.

பாறை இடுக்கிலும், புதர் ஓரத்திலும் டயப்பரைச் செருகிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழையில் அது தண்ணீருக்குள் வரும். ஐந்தருவித் தண்ணீர் எங்கேயோ போய்விடுவதில்லை. சிற்றாற்றில் சேர்ந்து, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் கலக்கிறது. வயலுக்குப் பாய்வதும் அதுதான். குடத்தில் ஏறுவதும் அதுதான். டயப்பரைச் சுருட்டி, அதன் பசை நாடாவாலேயே ஒட்டி, தாளில் சுற்றி உறைக்குள் போட்டால் நாற்றமும் வராது. குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை வண்டியிலேயே வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் அசதியாக இருக்கும். பை அப்படியே மூலையில் கிடக்கும். மறுநாள் திறந்தால் பூசண வாடை அடிக்கும். இரவே பையைக் கவிழ்த்து, உறைகளைக் கழுவி, கொடியில் போட்டு விடுங்கள். ஈரத் துணிகளை வெந்நீரில் அலசி, மறுநாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

ரப்பர் விரிப்பை மட்டும் நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஆடிச் சாரலுக்கு மறுபடியும் வேண்டும்.